கோல்கீப்பரைச் சாகவிடாத பவானி அக்கா

வேலைக்குப் போகும் காலை ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது அக்காவின் கணவர் செல்வம் அண்ணன் அழைத்தார். "பவானி போயிட்டா, தம்பி. தூக்கத்துலயே" என்றார். அடுத்த நிலையத்தில் இறங்கி, கிள்ளான் போகும் ரயிலுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன். எதிர்பார்த்த சாவுதான்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவருடைய குரலை நான் விவரிக்கத் தேவையில்லை. போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் லோரிக்காரர்களை வேலை வாங்கிய குரல் அது. அதற்கு முன்பு, இளம் வயதில், மாநில ஹாக்கி அணியின் கோல்கீப்பராக நின்று தற்காப்பு ஆட்டக்காரர்களைத் திட்டிய குரல். நாவல் எழுத வந்த பிறகும் அவர் அதைத் தணித்துக்கொள்ளவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், எழுதுகிற நண்பர்கள் சிலர் ஒரு கடையின் மாடியில் கூடிக் கதை வாசிப்போம். ஒருமுறை ஒரு நண்பர், இன்னொரு ஆணை நேசித்த இளைஞனின் கதையை வாசித்தார். கடைசிப் பத்தியில் அவன் ஆற்றில் மூழ்கிப்போனான். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அக்காவுக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. "நம்ம கதையில இவனுங்க ஒன்னு சிரிக்க வைக்க வர்றானுங்க, இல்லன்னா சாக வர்றானுங்க. பாசார்ல மீன் வாங்குற ஒருத்தனக்கூட நான் பாக்கல லா" என்றார். கீழே இறங்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய மூன்றாவது நாவல் அப்படித்தான் தொடங்கியது.

நாவலின் நாயகன் குமரன், கிள்ளானில் ஒரு தொழிற்சாலை ஹாக்கி அணியின் கோல்கீப்பர். அதே அணியில் ஆடும் ரவியோடு வாழ்கிறான். அணிக்குத் தெரியும், வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் தீபாவளி வருகிறது. இங்கே மலேசியாவில் நம் குடும்பங்களில் அன்றைக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம் இல்லையா? அந்த வருடம் பச்சை. குமரனின் அம்மா, யாரையும் கேட்காமல், ரவிக்கும் ஒரு பச்சைச் சட்டை தைத்து வைத்திருக்கிறார். "எல்லாரும் நின்னா படத்துல இடம் பத்தாது" என்று முணுமுணுக்கிறார் அப்பா. "அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறார் அம்மா. நாவல் அங்கே முடிகிறது.

அவர் இப்படி ஒன்றை எழுதுவது வெளியே தெரிந்ததும் பேச்சு கிளம்பியது. இந்த அம்மா ஏன் இதை எழுத வேண்டும், வீட்டில் யாராவது அப்படியா என்று. ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். "கொலைக் கதை எழுதுறவர் வீட்டுல போய் யாரக் கொன்னீங்கன்னு கேப்பீங்களா?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். மனிதர் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் வீட்டில் அப்படி யாரும் இல்லை. அந்த வீட்டுக்கு வந்துபோகும் நான் இருந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் நானும் மோகனும் பல வருடங்களாக ஒன்றாக வாழ்கிறோம். யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "நீ மட்டும் வந்து சாப்பிடுற, அவரு அங்க என்ன சாப்பிடுவாரு?" என்று கேட்டு, ஒரு டப்பாவில் மீன் குழம்பை ஊற்றி என் கையில் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து இருவருமாகப் போனோம்.

பிறகு அவர் எங்களை விடவில்லை. குமரனும் ரவியும் சண்டை போடும் அத்தியாயத்தை வாசித்துக் காட்டி, "சரியா இருக்கா?" என்றார். அதில் இருவரும் சமூகத்தைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். மோகன் தயங்கித் தயங்கி, "நாங்க ஈரத் துண்டக் கட்டில்ல போட்டதுக்குத்தான் சண்ட போடுவோம், அக்கா" என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாளே அந்தப் பேச்சையெல்லாம் அடித்துவிட்டு ஈரத் துண்டை எழுதினார்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது நாவல் முடிந்திருந்தது. போட முன்வந்த பதிப்பாளர் கெட்டவர் அல்ல, பயந்தவர். வார்டுக்கு வந்து, பழங்களை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். முடிவை மட்டும் மாற்றிவிடலாம். இறுதி ஆட்டத்தில் பந்து நெஞ்சில் பட்டுக் குமரன் இறந்துவிடட்டும். வாசகர்கள் அழுவார்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், புத்தகத்தை உடனே அச்சுக்கு அனுப்பிவிடலாம். சம்மதித்தால் அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். மறுத்தால் பார்க்க முடியாது. அறையில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும்.

"கோல்கீப்பருக்கு நெஞ்சுக்கவசம் இருக்குங்க. நான் வாங்காத பந்தா?" என்றார் அக்கா. அக்கா சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் போகப்போறேன், சரி. அவன எதுக்குத் துணைக்கு அனுப்புறீங்க?"

பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். புத்தகம் வரவில்லை. எனக்கு அன்று அக்கா மேலேயே கோபம். அந்தக் கைகளில் அந்தப் புத்தகத்தைப் பார்க்க அவ்வளவு ஆசைப்பட்டேன்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கிள்ளான் வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். மோகன் காரில் வந்து, நாலு பேர் கூடும் இடங்களில் வழக்கம்போல, வாசலுக்கு வெளியே, தெரியாதவர்களோடு நின்றுகொண்டார். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. உறவினர்கள் முடித்ததும் செல்வம் அண்ணன் என்னைக் கைகாட்டி, "தம்பியும் போடட்டும். மோகனையும் கூப்பிடு" என்றார். மோகன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சடங்கு நடத்திய பெரியவர், அரிசித் தட்டோடு அவரைப் பார்த்து, "இவரு யாரு, என்ன முறை?" என்று கேட்டார்.

கேட்கவேண்டியதைத்தான் கேட்டார். வீடு நிறைய ஆட்கள். கூட வேலை செய்பவர், அறைத்தோழர், தூரத்து உறவு என்று இத்தனை வருடம் நான் சொல்லிப் பழகிய பதில்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. செல்வம் அண்ணன் எனக்காகப் பேசவில்லை. அக்கா கண்மூடிப் படுத்திருந்தார்.

"என்னோட வாழ்றவருங்க" என்றேன்.

பெரியவர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பின்னால் யாரோ இருமினார்கள். "அப்ப ரெண்டு பேரும் சேந்தே போடுங்க" என்று தட்டை நீட்டினார். போட்டோம்.

நாவலை நண்பர்கள் சேர்ந்து அவர் எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம். அது உங்கள் எல்லாருக்கும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அன்று அவர் முன்னால் என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பதில். இனி யார் கேட்டாலும் அதுதான்.