ஜன்னல் வழியே ஏறியவன்

என்னைப் போல ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போன மாதம் ஊருக்குப் போகக் கைப்பேசியில் பஸ் டிக்கெட் எடுத்தேன். இருக்கை எண்ணும் வந்துவிட்டது. இனி என் இடத்தை எவனும் அசைக்க முடியாது. ஆனாலும் வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடத் தொடங்கின. கூடவே ஓடி, தோள்பையைக் கழற்றி, ஜன்னலுக்குள் வீசினேன். அது ஏசி பஸ். மூடிய கண்ணாடியில் பட்ட பை திரும்பி வந்து என் மூக்கிலேயே விழுந்தது. உள்ளே ஒரு குழந்தை கைதட்டிச் சிரித்தது.

என்ன செய்வது, பழைய தொழில். சின்ன வயதில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் இடம் பிடிப்பதில் நான் பேர்போனவன்.

அம்மாவுக்குச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அப்பாவுக்கு ஆரணியில் பட்டுத்தறி. தறியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக முடியாது, ஆஸ்பத்திரியைத் தூக்கிக்கொண்டு ஆரணிக்கு வரவும் முடியாது. நான் அப்பாவோடு இருந்தேன். அம்மா சனிக்கிழமை வருவாள், ஞாயிறு மாலை போய்விடுவாள்.

போளூரிலிருந்து வரும் மெட்ராஸ் வண்டி எங்கள் ஊருக்குள் நுழையும்போதே பாதி நிரம்பியிருக்கும். மீதிப் பாதிக்கு ஊரே காத்திருக்கும். தறியில் ஊடைநூல் வைத்த நாடாவைத் தள்ளுகிற அதே லாகவத்தோடு அப்பா என்னைத் தூக்கி ஜன்னலுக்குள் தள்ளுவார். மற்றது என் பொறுப்பு.

அனுபவத்தில் சொல்கிறேன், கைக்குட்டை போட்டு இடம் பிடிக்காதீர்கள். அதை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சீட்டில் மல்லாந்து படுத்துவிட வேண்டும். யாராவது அதட்டினால் வாந்தி வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் போதும், பக்கத்துச் சீட்டும் சேர்ந்து காலியாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே தோற்றுப்போனேன். கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்மணி, "எய்ந்திருடா பொடியா! பஸ்ஸு இன்னா உங்கப்பன் வாங்கி வுட்டதா?" என்று காலைப் பிடித்து இழுத்துவிட்டாள். அப்பா என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

"வுடுங்க, புள்ளைய பேஜார் பண்ணிகினு. அடுத்த வண்டில போறேன்" என்றாள் அம்மா.

அடுத்த வண்டிக்கு அரைமணி நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாள். முடிந்தவரை பொய் சொன்னேன். அவள் மடியில் சாய்ந்தால் சோப்பும் ஆஸ்பத்திரியும் கலந்த ஒரு வாசனை வரும். அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. நான் தோற்றால் அம்மா இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாள்.

அடுத்த வாரத்திலிருந்து மிகத் திறமையாகத் தோற்க ஆரம்பித்தேன். உள்ளே விழுந்ததும் காலைச் சுருக்கிக்கொள்வேன். "யாருக்குப்பா சீட்டு?" என்று யாராவது கேட்டால், "யாருக்கும் இல்லீங்க, உக்காருங்க" என்பேன். கீழே வந்து, "புடுங்கிட்டாங்கப்பா" என்று கண்ணைக் கசக்குவேன்.

"முன்னெல்லாம் புலி மாரி பாய்வான், இப்ப இன்னா ஆச்சி இவனுக்கு?" என்பார் அப்பா. அம்மா கடலை வாங்கப் போவாள், நானும் பின்னாலேயே போவேன்.

ஆடி மாதம் வந்தது. படவேட்டு அம்மனைக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு திரும்புகிற கூட்டம், வண்டிக்கு வண்டி வழிந்தது. முதல் வண்டியை வழக்கம்போல விட்டேன். அடுத்ததில் நிஜமாகவே முயன்றும் என் தலைகூட உள்ளே போகவில்லை. தாமதமானால் அம்மா தங்கியிருந்த நர்ஸ் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அம்மா நின்றுகொண்டே போனாள். கூட்டத்தில் அவள் முகம் தெரியவில்லை, மேல்கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. கடிகாரத்தை உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்ததால் அவள் கைதான் என்று கண்டுபிடித்தேன். மெட்ராஸ் வரைக்கும் அந்தக் கை அப்படியே தொங்கிக்கொண்டிருக்குமே என்று வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு வேட்டைநாய் மாதிரி பாய்ந்தேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நட்டநடுவே, ஜன்னலோரம், கிழியாத சீட்டு. என் வாழ்நாளிலேயே அப்படி ஒரு இடம் பிடித்ததில்லை. "அம்மா, ஜல்தியா ஏறும்மா!" என்று கத்தினேன்.

அம்மா ஏறவில்லை. கீழே நின்று சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது சக்கரத்து மேல இருக்குது. குலுக்கும். எறங்கு, அடுத்த வண்டில போறேன்."

"சக்கரம் அங்க கீதும்மா!"

"எறங்குடான்னா."

அப்பா சக்கரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு வெற்றிலை வாங்கப் போய்விட்டார். என் சீட்டில் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெஞ்சில் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உரித்த கடலையை என் கையில் வைக்கப் பார்த்தாள். விரலை மடக்கிக்கொண்டேன். எதிர்ச்சுவரில் மூலம், பௌத்திரம் குணமாகும் என்று விளம்பரம் எழுதியிருந்தது. வைத்தியர் எந்தெந்தக் கிழமை களம்பூர் வருவார் என்பதுவரை எனக்கு இன்றும் மனப்பாடம். அந்த அரைமணி நேரத்தில் அம்மா என்ன பேசினாள் என்பது மட்டும் ஞாபகமில்லை. வண்டி வந்தது, ஏறினாள், ஜன்னலிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

அம்மா ஓய்வுபெற்று ஊரோடு வந்து பல வருஷமாகிறது. இப்போது ஞாயிறு மாலை பஸ் ஏறிப் போகிறவன் நான். போன தடவை அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "ஏம்மா, அந்த சீட்டு நட்டநடுவுல இருந்துது. சக்கரம் எங்க இருக்குதுன்னுகூடவா உனக்குத் தெரியல?"

அம்மா கல்லிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் பாத்துகினுதான்டா இருந்தேன்."