வெள்ளை விரிப்பில் சொட்டிய சிவப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புனேயில், பிம்ப்ரி பக்கம் ஒரு வாடகை ஃப்ளாட்டில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே தொழிற்சாலை வேலை. கடைவாய்ப் பல் ஒன்று உயிரை வாங்கிக்கொண்டிருந்ததால், அவர் ஷிஃப்டுக்குப் போன ஒரு காலையில் நான் தனியாகவே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

பஞ்சை அழுத்திக் கடித்திருங்கள், துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள் என்று டாக்டர் இந்தியில் படித்துப் படித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பல்லில் எது வந்தாலும் எங்கள் வீட்டில் உப்புப் போட்ட வெந்நீர்தான் வைத்தியம். புண்ணுக்கு யாராவது ஐஸ்கிரீம் கொடுப்பார்களா? வீட்டுக்கு வந்ததும் பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் கொப்பளித்தேன்.

ரத்தம் வந்தது. கெட்ட ரத்தம், போகட்டும் என்று மறுபடி கொப்பளித்தேன். இன்னும் வந்தது. வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் ஃபோன் கிடையாது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் ரத்தம்தான் வழிகிறது, குரல் வரவில்லை. இங்கேயே செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

அப்போது கதவு தடதடத்தது. தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளை விலக்கினேன். கீழ்வீட்டு மராட்டிப் பெண்மணி! எங்கள் வாஷ்பேசின் கழிவுக்குழாய் ஒழுகி, அவர் பால்கனியில் காயும் துணிமேல் சொட்டும். அதனால் எங்களுக்குள் ஓயாத தகராறு. அன்றைக்குச் சிவப்பாகச் சொட்டியிருக்கிறது. கறைபட்ட வெள்ளைப் படுக்கை விரிப்போடு சண்டைக்கு வந்திருந்தார்.

"அரே தேவா!" என்று அலறியவர், அந்த விரிப்பையே கிழித்தார். கறைபடாத துண்டைச் சுருட்டி, என் வாய்க்குள் கையை விட்டுப் பல் இருந்த குழியில் அழுத்தினார். ஆட்டோவில் டாக்டரிடம் போய்ச் சேரும்வரை விரலை எடுக்கவே இல்லை. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த விரலைக் கடித்துவிட்டேன். அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

டாக்டர் தையல் போட்டு ரத்தத்தை நிறுத்தினார். என்னை வாங்கு வாங்கென்று வாங்கவும் செய்தார்.

சில நாட்களில் குழாய் மறுபடி ஒழுகியது. விரலில் கட்டோடு மேலே வந்து, பழையபடி கத்தினார் அந்தப் பெண்மணி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று அவர் சண்டைக்கு வராமல் போயிருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன். அதனால் இன்றுவரை, யார் கோபமாகக் கதவைத் தட்டினாலும் ஓடிப்போய்த் திறக்கிறேன்.