எடை மேடை பாப்பாயக்கா

வெள்ளகோவிலில் இருந்து கரூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒரு எடை மேடை வரும். லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற இடம். பக்கத்து அறை ஜன்னலோரம், கம்ப்யூட்டர் முன்னால் பாப்பாயக்கா உட்கார்ந்திருப்பார். நான் தேங்காய் லோடு ஓட்டுகிறவன். இருபது வருடமாக அந்த ஜன்னலில் அதே முகத்தைத்தான் பார்க்கிறேன்.

அக்கா அங்கே கூட்டிப் பெருக்க வந்தவர். என்னைப் போல மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒருநாள் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் வரவில்லை. வெளியே பதினோரு லாரி நிற்கிறது. அக்கா சீமாறை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தினமும் பெருக்கும்போது அந்த ஆளின் விரல் எங்கெங்கே போகிறது என்று பார்த்து வைத்திருந்தார். மேல்வரிசையில் இந்த பட்டன் லோடு எடைக்கு, இது காலி வண்டி எடைக்கு, இது சீட்டுக்கு. மூன்றிலும் சிவப்பு நகப்பூச்சில் பொட்டு வைத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், எழவே இல்லை. இங்கிலீஷ் எழுத்து அவருக்கு வண்டி நம்பரில் பார்த்துப் பழகிய உருவம், அவ்வளவுதான். திரையைப் பார்க்காமலே அடிப்பார். லாரி ஏறும்போது மேடை இம்மியளவு இறங்கி நிற்கும்.

"தொட்டில்ல புள்ளய போட்டாப்புடி இருக்குதுங்க தம்பி," என்பார்.

இந்தத் தை மாதம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாக நின்றுபோனது. ஓனர் ஸ்ரீனிவாஸ் புதுசு வாங்கினார். பழைய சாப்ட்வேர் புதுசில் ஏறவே மாட்டேன் என்றது. புது சாப்ட்வேர் என்றால் எல்லாம் மவுஸ், பக்கம் பக்கமாக இங்கிலீஷ்.

ஸ்ரீனிவாஸ் நல்ல மனுசன். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அக்கா, பெருந்துறைல ஒரு படிச்ச புள்ள இருக்குதுங்க. நீங்க இங்கயே வேற வேல பாருங்க."

"வேற வேலைன்னா? மறுக்கா சீமாறுதானுங்களா?"

பழசையே ஏற்றிப் பார்க்க ஒரு ஆளை வரச் சொல்லியிருப்பதாகவும், புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்போம் என்றும் அவர் சொன்னார்.

அந்தப் புதன்கிழமைதான் என் மகள் புவனாவும் நானும் பேத்திக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்தோம். பிறந்து நாற்பத்தைந்து நாள். அத்தனை நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லோடு ஏற்றும்போதுகூட அவள் பால் வாசம் என் சட்டையில் வந்துகொண்டே இருக்கும். அக்காவிடம் காட்டாமல் போக மனசு வரவில்லை. வெயில் ஏறாத நேரம். தூரத்தில் காற்றாலைகள் தூக்கத்தில் கை வீசுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தன. களத்தில் காய்கிற கொப்பரை வாசம் ரோடு முழுக்க.

அக்கா குழந்தையைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சந்தனம் கரைத்து வந்து நெற்றி நிறைய வைத்தார்.

உள்ளே, காங்கயத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற நிலோஃபர் வேலையாக இருந்தாள்.

"என்ன அம்மணி பண்றே?" என்று அக்கா கேட்டார்.

"புது கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டர உண்டு பண்றனுங்க. உங்க சாப்ட்வேரு தன்ற ஊட்டுலயேதான் இருக்கறேன்னு நெனச்சுக்கும்."

அதற்குள் பெரிய திரைக்கு நடுவில் சின்னதாய் ஒரு திரை விரிந்தது. அதே பழைய நீல நிறம். நான் தோளில் தூங்குகிற பேத்தியைத் தடவிக்கொண்டேன். பழசைப் புதுசு இப்படியும் சுமக்குமா என்று இருந்தது.

அப்புறம் ஒரு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. நிலோஃபர் படித்தாள்: "லாக் இல்லைங்குதுங்க."

லாக் என்பது விரல் நீளச் சாமான். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் அந்த சாப்ட்வேர் திறக்கும். செருகித்தான் இருந்தது. எடுத்து எடுத்து நான்கு முறை செருகினாள். "செத்துப்போச்சாட்ட இருக்குதுங்க. இத குடுத்த கம்பெனியே இப்ப இல்லைங்க."

ஸ்ரீனிவாஸ் மெதுவாகப் போனை எடுத்தார், பெருந்துறைக்குப் பேச. புதுசில் மாட்டியிருந்த பழைய கீபோர்டின் சிவப்புப் பொட்டு வைத்த பட்டன்கள் மேல் கை வைத்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை சிணுங்கியது. நெற்றிச் சந்தனம் வழிந்து இமையில் காய்ந்து ஒட்டியிருந்தது.

புவனா முந்தானையால் துடைத்தாள். "ஏனுங்கக்கா, இத்தன சந்தனம் வெச்சா புள்ள எப்புடி கண்ணத் தொறக்கும்?"

அக்கா துள்ளி எழுந்தார். "ஐயோ சாமி! அதுக்கும் வெச்சுப்போட்டனே!"

புது இடத்துக்குப் போகிறதே, நல்லபடியாகப் போகட்டும் என்று, முந்தின நாள் லாக்கைக் கழற்றிப் பிள்ளையார் முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் பூசியிருக்கிறார். முதுகில் ஒரு பொட்டு. செருகுகிற வாயிலும் ஒன்று, அது உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. வெளிப் பொட்டை எல்லாருமே பார்த்தோம். எங்கள் ஊரில் பொட்டு இல்லாத மிஷின் ஏது?

நிலோஃபர் சிரித்துவிட்டாள். "பிள்ளையாரே வாய அடச்சுப்போட்டாருங்க."

பிரஷ்ஷில் மருந்து தொட்டுத் தொட்டுச் சுத்தம் செய்தாள். மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்தது. காயவைத்துச் செருகியதும் பச்சை விளக்கு கண் திறந்தது. உள்ளே இருந்த திரையும் திறந்தது.

அக்காவின் விரல் தானாக ஓடியது. ஸ்ரீனிவாஸ் போனில், "இப்ப வேண்டாமுங்க, எங்க அக்காவே பாத்துக்கறாங்க," என்றார்.

"மொத எட உங்க பேத்திக்குத்தான் தம்பி," என்றார் அக்கா. "ஏறுங்க மேடைல."

குழந்தையோடு நடு மேடையில் நின்றேன். அந்த நீளமான இரும்பில் நாங்கள் இருவரும் துளி போல. எழுபது என்றார். அப்புறம் குழந்தையைப் புவனா கையில் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றேன். அப்போதும் எழுபதுதான். பத்துக் கிலோவுக்குக் குறைந்தது அந்த மேடைக்குத் தெரியாது.

ஜன்னல் வழியாகச் சீட்டு வந்தது. லோடு எழுபது, காலி எழுபது, சரக்கு சைபர்.

"ஒண்ணுமே ஏத்தலைங்குது," என்று அக்கா சிரித்தார்.

"தூக்கி வெச்சிருந்த எனக்கும் அப்புடித்தானுங்க இருந்துச்சு," என்றேன்.

பின்னால் கொப்பரை லாரி ஒன்று ஹாரன் அடித்தது. "வழிய உடுங்க தம்பி," என்று அக்கா கையாட்டினார். லாரி ஏறியது. மேடை இம்மியளவு இறங்கி நின்றது.