பையனைப் பேச வைக்கும் கிராபிக்ஸ் கார்டு

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறவனிடம் யாரும் நல்ல செய்தி சொல்ல வருவதில்லை. வாங்க வருகிறவர் யூடியூபைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார், திரும்ப வருகிறவர் ஓடாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கள் கடை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

எந்த கார்டு?

இண்டூரிலிருந்து மாலதி என்ற பெண் வந்தார். கையில் போன், அதில் வீடியோ காலில் அவர் கணவர் கோவிந்தசாமி. குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மாலதி போனை ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் காட்டிக்கொண்டே போக, அவர் இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டாகப் பார்த்து "அது, அது" என்றார். பதினொன்றாவது படிக்கும் மகனுக்காம்.

உங்கள் வீட்டில் கரண்ட் எப்படி என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் ஃபேன் சுற்றுவதே சந்தேகம் என்றார் மாலதி. அப்படியானால் நடுத்தரமான கார்டு போதும், மிச்சப் பணத்தை நல்ல பவர் சப்ளையிலும் யு.பி.எஸ்ஸிலும் போடுங்கள் என்றேன். கோவிந்தசாமிக்கு முகம் வாடிவிட்டது. அப்படி என்ன கேம் சார் விளையாடப் போகிறான் என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டுவிட்டேன்.

"போன்ல கூப்பிட்டா 'ம்', 'சரி', 'அம்மாகிட்ட குடுக்கறேன்', அவ்ளோதாங்க பேசறான். ஆனா நான் இங்க லேப்டாப்புல, அவன் அங்க கம்ப்யூட்டர்லன்னு ரெண்டு பேரும் சேந்து கேம் ஆடுறப்ப வாய மூட மாட்டேங்கறானுங்க. இப்ப இருக்கற பழைய கம்ப்யூட்டரு ஆட ஆட நின்னுபோவுது. அது நின்னா அவன் பேச்சும் நின்னுபோவுதுங்க."

இரண்டு டிஸ்க்

கார்டு விஷயத்தில் இறங்கி வந்தவர் ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். போன தடவை ஊருக்கு வந்தபோது வாங்கிப்போட்ட இரண்டு டிஸ்க்குகள் வீட்டில் இருந்தன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஃபைலும் பாதி இதில், பாதி அதில் போய் உட்காரும். ஒன்று செத்தால் மற்றதில் இருப்பது எதற்கும் உதவாது. ஒன்றில் கேம், இன்னொன்றில் அதற்குக் காப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள் எனத் தலைபாடாக அடித்துக்கொண்டேன். லோடு ஆக நேரமானால் பையன் எழுந்து போய்விடுவான், வேகம்தான் வேண்டும் என்றார் அவர்.

என்னோடு கடையில் வேலை செய்யும் சரவணன் ஸ்க்ரூவை முடுக்கியபடியே முணுமுணுத்தான்.

"ரெண்டு மாட்டயும் ஒரே கயித்துல கட்டச் சொல்றாருண்ணா. ஒண்ணு கெணத்துல உழுந்தா இன்னொண்ணு மேல நின்னு வேடிக்கயா பாக்கும்?"

நடுவில் ஒரு மகான்

இவரைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பாப்பாரப்பட்டிக்காரர். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, எந்த போர்டுக்கு எந்த கார்டு, எத்தனை வாட்ஸ் என்று என் வாயிலிருந்து எல்லாவற்றையும் கறந்தார். டீயும் வாங்கிக் கொடுத்தேன். நான் எழுதிக் கொடுத்த கொட்டேஷனை அப்படியே ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, அடுத்த வாரம் கூச்சமே இல்லாமல் வந்து நின்றார்.

"எல்லாம் கரெக்டா வந்துருச்சுங்க. நாலு ஸ்க்ரூ மட்டும் கம்மியா இருக்குது, சும்மா கெடந்தா குடுங்களேன்."

பாதி இதில், பாதி அதில்

பயந்தது நடந்தது. மாலதி சி.பி.யுவைப் பழைய புடவையில் சுற்றி ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். டிஸ்க் ஒன்று டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த கேமில் அப்பாவும் மகனும் சேர்ந்து ஆற்றங்கரையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்களாம். மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டதாம். எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தோம், ஒரு ஃபைல்கூட முழுதாக வரவில்லை. சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம், அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள்.

புது டிஸ்க் போட்டு, இந்த முறை காப்பியும் எடுக்கும்படி செய்தேன். கோவிந்தசாமிக்குப் போனில் நான்தான் சொன்னேன். அப்போதே சொன்னேன், கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, அவர் முந்திக்கொண்டார்.

"இண்டூர்ல நான் அனுப்புன காசுல வூடு கட்டி கிரகப்பிரவேசமும் ஆயிருச்சு, நான் இன்னும் உள்ள கால் வெக்கலீங்க. இது ஒண்ணுதாங்க நானும் அவனும் சேந்து கல்லு கல்லா கட்டுனது."

ஊர் திரும்பியவர்

இந்த வருடம் கம்பெனியில் ஆட்குறைப்பு. கோவிந்தசாமி ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார் என்று மாலதி வந்து சொன்னபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. "அப்புறம் என்னம்மா, இனி அப்பாவும் பையனும் நேருக்கு நேராகவே பேசிக்கலாமே" என்றேன். மாலதி ஷோகேஸ் மேலிருந்த மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது அப்பா பரீட்சையைப் பற்றிக் கேட்டால் பையன் "ம்" என்கிறானாம். வேறு என்ன கேட்பதென்று இவருக்கும் தெரியவில்லையாம். குவைத்தில் வைத்திருந்த லேப்டாப்பை வரும்போது விற்றுவிட்டார், அதனால் கேமும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி இருக்கிறார்களாம். கேட்கக் கேட்க எனக்கு மனசே விட்டுப்போயிற்று. மாலதி நிமிர்ந்து, மைக் வைத்த ஹெட்செட்டோடு இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்.

"ஒண்ணு முன்னாடி ரூம்ல, இன்னொண்ணு பின்னாடி ரூம்ல வெச்சிக் குடுங்கண்ணா. நடுவுல இருக்கற கதவ நான் சாத்திக்கறேன், அப்பவாச்சும் பேசுவாங்க."

அப்பாவும் மகனும் பேசிக்கொள்ள இரண்டு கிராபிக்ஸ் கார்டும் நடுவில் ஒரு கதவும் தேவைப்படுகிற வரைக்கும் எங்கள் தொழில் படுத்துவிடாது என்று, வருத்தத்தோடுதான், பில்லைப் போட்டேன்.