ஒன்றைப் போட்டுப் பார்த்த கணக்கு

தி.நகரில் பாத்திரக்கடை போட்டு நிமிர்ந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பித்தளையா, பூச்சா என்று ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனை மயிலாப்பூர் வீட்டில் கால் தரிக்கவிடாமல் அலையவைத்தது ஓர் இயற்கணிதப் புத்தகம்.

மகள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா கடையில வந்து உக்காந்துடுறேன்ப்பா" என்றாள், ஏதோ ஜெயிலுக்குப் போவதைப்போல. நான் கட்டின கடை! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் தோற்றுப்போன முகத்தோடு என் கல்லாவில் உட்காருவதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாதிரித் தேர்வுக்குச் செல்போனில் நேரம் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் கணக்குப் போட, நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன்.

"அப்பா, தலை சுத்துது. கோயிலுக்காவது போயிட்டு வாங்களேன்."

காதில் விழுந்தே பாதிப் பாடம் எனக்கு வந்துவிட்டது. எழுத்துக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டு, நான்கு விடைகளில் எது ஒத்துவருகிறது என்று பார்த்தால் போதும். அவள் பார்க்கும் பாட வீடியோவில் சொன்ன குறுக்குவழி. பாத்திரம் தட்டிப் பார்க்கிற மாதிரிதானே? "எல்லாத்துக்கும் ஒண்ணையே போடும்மா, சட்டுனு முடியும்" என்றேன். முடிந்தது. மாடவீதி முழுக்கப் பெருமையடித்தேன்.

தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு கணக்கு. (a+b)²-லிருந்து (a−b)²-ஐக் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒன்றைப் போட்டாள், நான்கு வந்தது. விடைகளில் 4ab-யும் நான்கு, 2(a²+b²)-ம் நான்கு. அவசரத்தில் பின்னதைக் குறித்துவிட்டாள். தப்பு.

"ரெண்டும் ஒரே நம்பரா இருந்தா கழிக்கிறதுக்கு என்னப்பா இருக்கு? வேற வேற போடணும். ஒங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க!"

"ஒரு கணக்குல ஒலகமா முழுகிடும்?" என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வு மையம் அடையாறில். அவள் உள்ளே போனதும் நான் கேட்டுக்கும் டீக்கடைக்குமாக நடந்தேன். எங்களைக் கொண்டுவந்த ஆட்டோக்காரன் சிரித்தான்.

"இன்னா நைனா, பரிட்சை நீயா எழுதிக்கினு கீற? குந்து. ரோடு தேஞ்சுடப் போவுது."

"நான் எழுதியிருந்தா இந்நேரம் முடிச்சிட்டு வந்திருப்பேன்யா."

மணியடித்து எல்லோரும் வந்தார்கள். கடைசியில்தான் இவள் வந்தாள்.

"நேரம் பத்தலப்பா. கணக்குல நெறைய விட்டுட்டேன். இந்தத் தடவை வராது."

அவளை ஆட்டோவில் ஏற்றினேன். அவளே தொடர்ந்தாள்: "அதுக்காகக் கடைக்கு வரமாட்டேன். அன்னிக்கு ஏதோ கடுப்புல சொன்னது. இன்னொரு தடவை எழுதறேன்."

"எழுது! என் பொண்ணுல்ல? கடையைப் பாத்துக்க நான் இருக்கேன். எனக்கென்ன வயசா ஆச்சு?" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

சிக்னலில் வண்டி நிற்கும்போதே வினாத்தாளை மடியில் விரித்து, விட்ட கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டாள்.