நர்ஸ் கேட்ட கேள்வி

குழந்தை பிறந்து ஒன்றரை மாதமாகியும் என் மனைவி அதைத் தானாகத் தூக்கவில்லை. இராஜபாளையத்தில் மில் வேலை முடிந்து வரும் நான், "ஊர்ல யாரும் பிள்ளை பெறலையா? நடிக்காத" என்று ஏசுவேன்.

மம்சாபுரம் சுகாதார நிலையத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸ்தான் அவள் முகத்தைப் பார்த்து, "ராத்திரி தூங்குதியா தாயி?" என்று கேட்டார்.

"இல்லக்கா. பிள்ளையோட செத்துப் போயிரலாம்னு இருக்கு" என்றாள். அழக்கூட இல்லை.

நான் பிள்ளையை என் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இது நோய் தம்பி. தனியா விட்ராதிய, இப்பவே கிளம்புங்க" என்ற நர்ஸ், எங்களோடு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டினார்.

மாத்திரை தொடர்கிறது. சில நாள் பிள்ளையைக் கொஞ்சுகிறாள். சில நாள் சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள். நான் ஏசியதை ஒருமுறையும் சொல்லிக் காட்டியதில்லை. மறந்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.