சிலந்தியார் வீட்டு நீலக் கார்

அவருடைய உண்மையான பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. சிலந்தி என்றால் தெரியும். மரியாதை தெரிந்தவர்களுக்குச் சிலந்தியார். கையில் ஒரு விளக்கோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "பாருங்க, சிலந்தி வலை" என்று சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்ட பெயர். பளிச்சென்ற வெளிச்சத்தில் காரின் மேல் வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியுமே, அதைத்தான் காட்டுவார். அவர் காட்டும்வரை கார்க்காரர் கண்ணில் அது பட்டிருக்காது. காட்டிய பிறகு வேறெதுவும் படாது. தொழில் ஓடுவதே இந்த ஒரு வித்தையில்தான்.

கீறலை நீக்குவது அவருடைய இரண்டாவது தொழில். முதல் தொழில் அதை உண்டாக்குவது. இளமையில் கார் கழுவும் இடத்தில் நைலான் பிரஷ்ஷும் மண் கலங்கிய வாளியுமாக அவர் தேய்த்துத் தள்ளிய கார்களில் சில, இன்று அவரிடமே வைத்தியத்துக்கு வருகின்றன. அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. "வக்கீல் மட்டும் என்ன, ரெண்டு பக்கமும் பேசறதில்லையா?" என்பார்.

தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்: மென்மையில் தொடங்க வேண்டும். காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு இருக்கிறது. கீறல் கிடப்பது அதில்தான். தேய்க்கத் தேய்க்க அந்தப் பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்தது திரும்பி வராது. அதனால் முதலில் கண்ணில் படாத மூலையில் கையகல இடம் எடுத்துக்கொண்டு, மிருதுவான கறுப்பு ஸ்பாஞ்ச் பேடை மெஷினில் மாட்டி, நைசான பாலிஷைப் போட்டுப் பார்ப்பார். மசியவில்லையென்றால் அதே பேடில் இன்னொரு படி காரமான பாலிஷ். அதற்கும் மசியாவிட்டால் கெட்டியான ஆரஞ்சு ஸ்பாஞ்ச். கம்பளிப் பேடும் காம்பவுண்டு என்கிற நறநறப்பான பசையும் கடைசிக் கட்டம். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குகிற டாக்டரின் முகத்தோடுதான் அந்தப் பெட்டியைத் திறப்பார்.

வீட்டில் இந்தச் சட்டம் அப்படியே தலைகீழ். டீயில் சர்க்கரை குறைந்தாலும் சரி, செருப்பு இடம் மாறிக் கிடந்தாலும் சரி, எடுத்த எடுப்பில் கம்பளிதான்.

"காருன்னா பூ மாதிரி. எங்களுக்குன்னா எடுத்ததுமே உரிச்சுடறது" என்பாள் மனைவி.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவள் அல்ல. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. ஆபரேஷன் தியேட்டர் துணி தனி, வார்டு துணி தனி, சமையலறைத் துணி தனி. ஒன்றோடொன்று உரசினால்கூட அவளுக்குப் பொறுக்காது. தப்பிப்போன ஒரு தலையணை உறைக்காக ஒரு மெஷினையே நிறுத்தி வைத்தவள். அந்தக் கூடம் முழுவதற்கும் அவளைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதவியேற்பு. அதற்காகவே பழைய நீலக் கார் ஒன்றை வாங்கியிருந்தாள். இத்தனை வருஷம் பஸ்ஸில் நசுங்கிப் போனவளுக்கு, முதல் நாள் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு அந்த வாசலில் நுழைய வேண்டும் என்று ஆசை.

கார் வீட்டுக்கு வந்த அன்றே சிலந்தியார் விளக்கை எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம். அந்த லைட்ட அணைங்க" என்றாள்.

"சும்மா பார்க்கறேன்."

"நீங்க பார்த்தா பார்த்ததோட விடமாட்டீங்க. பக்கத்துத் தெரு டாக்டர் மகள் கல்யாணத்துக்குன்னு உங்ககிட்ட விட்ட கார் இன்னும் திரும்பல, கல்யாணமே முடிஞ்சிடுச்சு."

"அது கறுப்பு கார்."

"இது நீலம். அதனால?"

கீறலைக் காட்டிக்கொடுப்பதில் நீலமும் கறுப்புக்குத் தம்பிதான் என்று விளக்க வாயெடுத்து, அது தனக்கே பாதகம் என்று உணர்ந்து அடக்கிக்கொண்டார். கெஞ்சாத குறை. ஊரார் காரையெல்லாம் கண்ணாடியாக்குகிறவன் வீட்டுக் கார் வலையோடு போனால் தன் மானம் போகாதா என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அவள் சாவியைக் கொடுத்தாள். சனி, ஞாயிறு அவருக்கு. திங்கள் காலை கார் வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவள் பஸ்ஸில் போவாள். அதற்குப் பிறகு அந்தக் காரின் பக்கம் அவர் நிழல்கூட விழக் கூடாது.

சனிக்கிழமை காலை வீட்டை ஒட்டிய பட்டறையில் பேடுகளெல்லாம் சுத்தமாகக் காய்ந்து, மடிப்புக் கலையாத துணிபோல அடுக்கியிருந்தன. நேற்று நாமே கழுவிவிட்டோம்போல என்று நினைத்துக்கொண்டார். தன் பேடுகளை உலகத்தில் இன்னொருவர் தொடக்கூடும் என்பது அவர் கற்பனைக்கே எட்டாத விஷயம்.

பூச்சின் கனத்தை அளந்து பார்த்தார். முன்பு வைத்திருந்தவர் அடிக்கடி தேய்த்திருக்கிறார். எங்கும் மெல்லிசாக இருந்தது. ஆக, கம்பளிக்கு இடமே இல்லை. பானெட்டின் மூலையில் கறுப்பு ஸ்பாஞ்சும் நைசான பாலிஷுமாகத் தொடங்கினார். வலை போனது. ஆனால் அந்த இடத்தில் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல், அதற்குள் முடியளவு புதுக் கீறல்கள்.

பாலிஷ் சரியில்லை என்று முடிவுகட்டி மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கார் பாலிஷ் விற்கிறவன். உலகத்தின் எந்தத் துன்பத்துக்கும் தன் பையில் ஒரு பாட்டில் உண்டு என்று நம்புகிற ஜீவன். பையோடு வந்து இறங்கினான்.

"மாமா, இதைப் போட்டுப் பாருங்க. வெண்ணெய் மாதிரி போகும்."

வெண்ணெய் மாதிரித்தான் போனது. மங்கலும் வெண்ணெய் மாதிரியே நின்றது. அடுத்த பாட்டில் வந்தது. பிறகு பச்சை மூடி போட்டது ஒன்று. மெஷின் வேகத்தைக் குறைத்தார், கூட்டினார். பாலிஷைக் கடலையளவு வைத்தார்; அதற்கும் குறைத்தார். ஞாயிறு மதியம் ஆகியும் பானெட்டில் கையகல இடங்கள் வரிசையாக மங்கி நின்றதுதான் மிச்சம். கார் வந்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. பேசாம கம்பளி போட்டு ஒரே இழுப்பு இழுத்துடுங்க" என்றான் மச்சான்.

"மேல்பூச்சே போயிடும்டா."

"அப்புறம் நாளைக்கு அக்கா பஸ்ல போனா, அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

இது வேலை செய்தது. சாப்பாட்டுப் பையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பொறுப்பாளர் அம்மாள் கண்முன் வந்து போனாள். சிலந்தியார் வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டத்தை மீறத் துணிந்து, கம்பளியை மாட்டுவதற்காகக் கறுப்பு ஸ்பாஞ்சை மெஷினிலிருந்து உரித்தார். உரித்த கையோடு, பழக்கதோஷத்தில், அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

கறுப்பு ஸ்பாஞ்சின் துளைக்குள் ஒரு வெள்ளை முடி. பக்கத்தில் இன்னொன்று. நகத்தால் கிள்ளி எடுத்தார். கம்பளி. துளைகளில் விரலை அழுத்தினால் நறநறவென்று காம்பவுண்டுத் துகள். அவர் கம்பளியை ஒரு டப்பாவிலும் ஸ்பாஞ்சை வேறு டப்பாவிலும், கழுவும் வாளியைக்கூடத் தனித்தனியாகவும் வைத்திருப்பவர். இந்த இரண்டும் சந்தித்ததே கிடையாது.

"உங்க அக்காவைக் கூப்பிடு" என்றார்.

அவள் ஈரக் கையோடு வந்தாள்.

"இந்தப் பேடெல்லாம் யாரு கழுவினது?"

"நான்தான். வெள்ளிக்கிழமை. உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு வாஷிங் மெஷின்ல போட்டேன். ஏன்?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். நல்ல சுடுதண்ணியில."

மச்சான் மெல்ல இரண்டடி நகர்ந்து நின்றான். இரண்டு நாள் போயிற்று, பானெட் நாறிப் போயிற்று. அவர் வாயிலிருந்து கம்பளி வருவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. சிலந்தியார் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஏதோ பாராட்டு வரப்போகிறது என்று அந்த முகம் காத்திருந்தது.

"நல்லா வெளுத்திருக்கு" என்றார்.

அவள் முகம் மாறிவிட்டது. "என்ன ஆச்சு? காரை ஏதாவது பண்ணிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம இப்படிப் பேசமாட்டீங்க. தம்பி, நீ சொல்லுடா."

தம்பி சிலந்தியார் கையிலிருந்த ஸ்பாஞ்சையும் அந்த வெள்ளை முடியையும் பார்த்தான். அவளும் பார்த்தாள். தொழில்காரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"சேர்த்துப் போட்டுட்டேனா" என்றாள் மெதுவாக. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "எங்க கூடத்துல எவளாவது இப்படிப் போட்டிருந்தா, நாளைக்கு நான் முதல் வேலையா அவ சீட்டைத்தான் கிழிச்சிருப்பேன்."

"வீட்டுல அப்படிச் செய்ய முடியாதே" என்றார் அவர்.

"நீங்க இன்னும் திட்டவே இல்ல. உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"கறுப்பு பேடுலதான் ஆரம்பிச்சிருக்கேன். போகலைன்னா அடுத்தது எடுக்கறேன்."

மச்சானின் பையில் பாட்டில்களுக்கு அடியில், பிரிக்காத புதுக் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒன்றே ஒன்று நசுங்கிக் கிடந்தது. கேட்டால்தானே தருவேன் என்றான். சிலந்தியார் முதல் நாள் முதலில் எடுத்த அதே நைசான பாலிஷை அதில் தொட்டு வைத்தார். பானெட்டின் மூலை ஒரே ஓட்டத்தில் தெளிந்தது. இரண்டு நாள் திட்டு வாங்கிய பாட்டில்கள் எல்லாம் நிரபராதி என்று ஆகிவிட்டதால் மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் ஒரு பேடு எத்தனை தூரம் ஓடும்? நடுநடுவே அதைக் கழுவி, உலர்த்தி, மறுபடி ஓட்டி, பானெட்டையும் ஓட்டுநர் பக்கத்தையும் முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. மறுபக்கம் தொடவே இல்லை. இந்தப் பக்கத்தில் தெருவிளக்கு முகம் பார்த்தது. அந்தப் பக்கத்தில் வலை பின்னியது.

"ஒரு நாள் குடு. பக்கம் ஒண்ணுதான் பாக்கி" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு மென்மையை அவள் கேட்டதில்லை.

"சாவி" என்று கையை நீட்டினாள்.

"பாதிக் காரையா ஓட்டிட்டுப் போவ?"

"எஞ்சின் முழுசாத்தானே இருக்கு. நான் உட்கார்ந்தா கண்ணுக்குத் தெரியறது பானெட் ஒண்ணுதான். அது எனக்குப் போதும். அந்தப் பக்கத்தைப் பார்த்து வருத்தப்படறவங்க வெளியில நின்னு வருத்தப்படட்டும்."

திங்கள் காலை கார் வாசலில் நின்றது. இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். பளபளப்பெல்லாம் தெருவைப் பார்த்திருந்தது. வாசலில் நின்ற சிலந்தியாருக்கு வாய்த்தது மறுபக்கம். இளவெயில் நேராக அதில் விழுந்து, பத்து வருஷத்து வலையை இழை இழையாக எடுத்துக் காட்டிற்று. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தார். அதற்குள் கண்ணாடியை இறக்கி அவள், "வர்ற ஞாயிறு அந்தப் பக்கம். பேடை மட்டும் நீங்களே கழுவிக்குங்க" என்றாள்.

கார் நகர்ந்தது. இத்தனை நேரமும் எதிர்வீட்டுப் படியில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர், தெருவைக் கடந்து வந்தார்.

"என்னங்க சிலந்தியாரே, புதுக் காரா?"

"அந்தப் பக்கம் மட்டும்" என்றார் சிலந்தியார்.